சக மதிப்பாய்வு ஆகாத அறிவியல் யோசனையை எங்கே கொண்டுபோய் வைப்பது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எண்ணூர் முகத்துவாரத்தில் மீன்பிடிக்கிற அண்ணன் ஒருவர் தண்டையார்பேட்டையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை, அதற்குள் நான்கு லாங் சைஸ் நோட்டு. 2019-ல் இருந்து தினமும் எழுதி வைத்திருக்கிறார். தேதி, அமாவாசையில் இருந்து எத்தனையாவது நாள், காற்று எந்தப் பக்கம், தண்ணீர் தெளிவா கலங்கலா, இறால் எத்தனை கிலோ, நண்டு எத்தனை கிலோ. தொழிலுக்குப் போகாத நாளுக்கும் ஒரு வரி உண்டு, 'போகல' என்று. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்த நாட்களில் கிலோ எழுதவேண்டிய இடத்தில் வெறும் கோடு.

அவருக்கு ஒரு யோசனை இருக்கிறது. முகத்துவாரம் மண் மூடிக் குறுகினால், அதற்கப்புறம் எத்தனையாவது அமாவாசைக்கு உள்ளே இறால் வரத்து குறையும் என்று தன்னால் முன்கூட்டியே சொல்ல முடியும் என்கிறார். இறால் கடலில் முட்டையிடும், குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து வளரும், வளர்ந்தபின் திரும்பக் கடலுக்குப் போகும் என்பது உயிரியல் புத்தகத்திலேயே இருப்பதுதான். ஆனால் எத்தனை அமாவாசை என்கிற கணக்கு அவருடையது. "இதை எங்க சொல்றது தம்பி? எங்க சொன்னா ஒழுங்கா கேப்பாங்க? நான் சொன்னதை வேற யாராச்சும் அவங்க பேர்ல போட்டுக்கிட்டா?" என்று கேட்டார்.

நான் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். இந்த மூன்று கேள்வியையும் வேறு வேறு ஆட்கள் வாயிலிருந்து பலமுறை கேட்டிருக்கிறேன். வியாசர்பாடியில் லேத் பட்டறை வைத்திருக்கிறவர் கேட்டிருக்கிறார், பெரம்பூரில் ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆன ஒரு டெக்னீஷியன் கேட்டிருக்கிறார், இரண்டாம் வருஷம் படிக்கிற பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்றுதான் இது.

முதலில் சக மதிப்பாய்வு என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். பியர் ரிவியூ என்று சொல்கிறார்களே, அதுதான். ஓர் ஆய்வுக் கட்டுரையை ஜர்னலுக்கு, அதாவது ஆய்விதழுக்கு, அனுப்பினால், ஆசிரியர் அதை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, அதே துறையில் வேலை செய்யும் இரண்டு மூன்று பேருக்கு அனுப்புவார். பெரும்பாலும் அவர்கள் யார் என்று நமக்குத் தெரியாது, பெரும்பாலும் அவர்களுக்குச் சம்பளமும் கிடையாது. அவர்கள் படித்துவிட்டு இங்கே கணக்கு இடிக்கிறது, அங்கே ஒப்பீடு இல்லை, இதை ஏற்கெனவே இன்னார் செய்துவிட்டார் என்று எழுதுவார்கள். நாம் திருத்தி அனுப்புவோம், மறுபடி கேட்பார்கள், மாதங்கள் ஓடும், சில சமயம் வருஷமே ஓடிவிடும். இதில் நிறைய பேர் தவறாக நினைப்பது ஒன்று உண்டு: மதிப்பாய்வு செய்கிறவர் சோதனையைத் திரும்பச் செய்து பார்ப்பார் என்று. சாதாரணமாகச் செய்வதில்லை. அவர் படித்துப் பார்க்கிறார், அவ்வளவுதான்.

எங்கள் அம்மா எம்.சி. ரோட்டில் புடவை எடுக்கும்போது, டியூப்லைட் வெளிச்சத்தை நம்பாமல் புடவையைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார். இழை விட்டிருக்கிறதா, கறை இருக்கிறதா, முந்தானை நிறம் ஒன்றுபோல இருக்கிறதா என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும். ஆனால் சாயம் போகுமா போகாதா என்பது வீட்டில் தண்ணீரில் நனைத்தால்தான் தெரியும். சக மதிப்பாய்வு வாசலில் விரித்துப் பார்ப்பது. வேறு ஆட்கள் வேறு இடத்தில் அதே சோதனையைச் செய்து பார்ப்பதுதான் நனைப்பது. அதனால் மதிப்பாய்வு ஆன கட்டுரை எல்லாம் உண்மை என்றும் எடுத்துக்கொள்ள முடியாது, ஆகாதது எல்லாம் குப்பை என்றும் தள்ள முடியாது. ஆனால் விரித்துக்கூடப் பார்க்காத துணி எது என்பதை வாங்குகிறவருக்குச் சொல்லிவிட வேண்டும். அதில்தான் நேர்மை இருக்கிறது.

இந்த வழக்கம் நாம் நினைப்பதுபோல அவ்வளவு பழையதும் இல்லை. நேச்சர் இதழ் எல்லாக் கட்டுரைக்கும் இதைக் கட்டாயமாக்கியது 1973-ல்தான். டிஎன்ஏ இரட்டைச் சுருள் என்று வாட்சனும் கிரிக்கும் 1953-ல் அதே நேச்சரில் எழுதியது இப்படி வெளி ஆட்களுக்குப் போகாமலேயே அச்சானது. 1936-ல் ஐன்ஸ்டைனும் ரோசனும் ஈர்ப்பு அலைகள் பற்றி எழுதிய கட்டுரையை பிசிக்கல் ரிவியூ ஆசிரியர் ஒரு வல்லுநரிடம் காட்டிவிட்டார் என்று ஐன்ஸ்டைனுக்குக் கோபம் வந்து, கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கடைசியில் அந்த வல்லுநர் சொன்னதுதான் சரி, கட்டுரையில் பிழை இருந்தது. ஈர்ப்பு அலைகள் கிடையாது என்று முதலில் எழுதியிருந்தவர், முடிவை மாற்றி 1937-ல் வேறு இதழில் வெளியிட்டார். அவ்வளவு பெரிய ஆளுக்கே இன்னொரு ஜோடிக் கண் தேவைப்பட்டது என்பதை என் மாணவர்களுக்கு ஒவ்வொரு வருஷமும் சொல்வேன்.

சரி, மதிப்பாய்வுக்கு முன்னால் ஒரு யோசனையை வெளியே வைக்க வேண்டும் என்றால் எங்கே? இன்று இதற்கு முக்கியமான பதில், ப்ரீபிரிண்ட். ஜர்னல் ஏற்பதற்கு முன்பே, கட்டுரையை எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி ஒரு பொதுக் களஞ்சியத்தில் வைத்துவிடுவது. இதில் மூத்தது ஆர்கைவ். 1991 ஆகஸ்டில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் பால் கின்ஸ்பார்க் என்ற இயற்பியலாளர் தொடங்கினார், 2001-ல் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு மாறியது. இயற்பியல், கணிதம், கணினி அறிவியல் ஆட்களுக்குக் காலையில் செய்தித்தாள் மாதிரி அது. இன்று என்ன வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பலர் வேலையைத் தொடங்குவார்கள். அங்கே சரிபார்ப்பவர்கள் உண்டு, ஆனால் அவர்கள் பார்ப்பது இது ஆய்வுக் கட்டுரை மாதிரி இருக்கிறதா, சரியான பிரிவில் இருக்கிறதா என்பதைத்தான். உள்ளே இருப்பது உண்மையா என்று சோதிப்பது அவர்கள் வேலை இல்லை. புதிதாக வருகிறவருக்கு, ஏற்கெனவே அந்தப் பிரிவில் எழுதிய ஒருவருடைய பரிந்துரை தேவைப்படும். நம் ஊரில் வெளியிலிருந்து முயல்கிறவர்கள் பெரும்பாலும் முட்டி நிற்கிற இடம் இதுதான், பின்னால் இதற்கு வருகிறேன்.

ப்ரீபிரிண்ட் என்றால் இரண்டாம் தரம் என்று யாராவது சொன்னால் பெரல்மான் கதையைச் சொல்லுங்கள். கிரிகோரி பெரல்மான் என்ற ரஷ்யக் கணிதவியலாளர், நூறு வருஷமாக யாராலும் முடியாத பாயின்காரே ஊகம் என்ற வடிவியல் கேள்வியின் நிரூபணத்தை 2002 நவம்பரில் தொடங்கி மூன்று பகுதிகளாக ஆர்கைவில் மட்டும் வைத்தார். எந்த ஜர்னலுக்கும் அனுப்பவில்லை. மற்ற கணிதவியலாளர்கள் வருஷக்கணக்கில் உட்கார்ந்து வரி வரியாகச் சரிபார்த்தார்கள். 2006-ல் கணிதத்தின் மிகப் பெரிய விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம், 2010-ல் பத்து லட்சம் டாலர் பரிசு, இரண்டையும் அவர் வேண்டாம் என்றுவிட்டார். பாருங்கள், ஜர்னலைத் தாண்டி வந்தாலும் மதிப்பாய்வைத் தாண்டி வரவில்லை. அது வெளியே, எல்லோர் கண் முன்னாலும் நடந்தது.

இன்னொரு கதை எனக்கு இதைவிடப் பிடிக்கும். இங்கிலாந்தில் யார்க்‌ஷயரைச் சேர்ந்த டேவிட் ஸ்மித், அச்சுத் தொழிலில் டெக்னீஷியனாக இருந்து ரிட்டயர் ஆனவர், வடிவங்களோடு விளையாடுவது அவருக்குப் பொழுதுபோக்கு. ஒரே வடிவ ஓட்டைக் கொண்டு தரை முழுக்கப் பரப்பலாம், ஆனால் அந்தப் பரப்பு எந்தத் தூரத்திலும் கோலம் மாதிரி திரும்பத் திரும்ப வரக்கூடாது. அப்படி ஓர் ஓடு இருக்கிறதா என்பது கணிதத்தில் பல வருஷக் கேள்வி. அவர் கணினியில் வடிவங்களை அடுக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தொப்பி மாதிரி ஒரு வடிவம் சிக்கியது, அதை அட்டையில் வெட்டியும் அடுக்கிப் பார்த்தார். உடனே ஊருக்கு அறிவிக்கவில்லை. தெரிந்த ஒரு கணினி அறிவியல் பேராசிரியருக்கு எழுதினார், பிறகு இன்னும் இருவர் சேர்ந்தார்கள், நாலு பேருமாக நிரூபணம் எழுதி 2023 மார்ச்சில் ஆர்கைவில் வைத்தார்கள். அடுத்த வருஷம் மதிப்பாய்வும் முடிந்து ஜர்னலில் வந்தது. கண்டுபிடித்தவர் பெயர்தான் கட்டுரையில் முதலில் இருக்கிறது.

சாயம் வெளுத்த கதைகளும் உண்டு, அவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2011 செப்டம்பரில் ஓபெரா என்ற சோதனைக் குழு, நியூட்ரினோ என்கிற மிக நுண்ணிய துகள்கள் ஒளியைவிடச் சுமார் 60 நானோ நொடி முன்னால் வந்து சேர்வதாக ஆர்கைவில் எழுதியது. ஆனால் அவர்கள் எழுதிய விதத்தைக் கவனியுங்கள்: எங்களுக்கு இப்படி வருகிறது, காரணம் புரியவில்லை, நீங்களும் பாருங்கள் என்கிற தொனி. அடுத்த வருஷம் ஓர் ஒளியிழைக் கேபிள் சரியாகப் பொருந்தாமல் இருந்தது தெரியவந்தது. 2023 ஜூலையில் கொரிய ஆராய்ச்சியாளர்கள், சாதாரண வெப்பநிலையிலேயே மின்தடை இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள் கிடைத்துவிட்டது என்று எல்கே-99 பற்றி எழுதினார்கள். செய்முறை முழுக்க அதிலேயே இருந்ததால் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் உட்பட உலகெங்கும் செய்து பார்த்தார்கள், சில வாரங்களில் அது மீக்கடத்தி இல்லை என்று முடிவாகிவிட்டது. தவறுதான், ஆனால் மற்றவர்கள் செய்து பார்க்கும்படி எழுதியிருந்ததால் சீக்கிரம் தெரிந்த தவறு.

மருத்துவத்தில் மட்டும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். கொரோனா காலத்தில் இரண்டு பக்கமும் பார்த்தோம். 2020 ஜூனில் டெக்ஸாமெத்தசோன் என்ற மலிவான மருந்து, வென்டிலேட்டரில் இருப்பவர்களின் இறப்பைச் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்ற பிரிட்டன் ஆய்வின் விவரங்கள் முதலில் ப்ரீபிரிண்டாகத்தான் வந்தன. ஜர்னலுக்காகக் காத்திருந்த வாரங்களில் எத்தனையோ மருத்துவர்களுக்கு அது உதவியது. அதே வருஷம் ஜனவரி கடைசியில், கொரோனா வைரஸில் எச்ஐவி-யின் துண்டுகள் போல இருக்கின்றன என்று டெல்லி ஆராய்ச்சியாளர்கள் போட்ட ப்ரீபிரிண்ட், மற்ற விஞ்ஞானிகளின் விமர்சனத்தால் சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. விஞ்ஞானிகள் கண்ணில் அது செத்துவிட்டது. ஆனால் வாட்ஸ்அப்பில் சாகவில்லை, மாதக்கணக்கில் எங்கள் குடும்ப குரூப் வரை வந்தது. உடம்பு சம்பந்தப்பட்ட யோசனையைப் பொதுமக்கள் கையில் நேராகக் கொடுக்காதீர்கள் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது அதனால்தான். யாரோ ஒருவர் அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடுவார்.

துறைக்குத் தகுந்த மாதிரி களஞ்சியங்கள் இருக்கின்றன. உயிரியலுக்கு பயோஆர்கைவ், 2013-ல் வந்தது. மருத்துவத்துக்கு மெட்ஆர்கைவ், 2019-ல் வந்தது, மதிப்பாய்வு ஆகாதது, இதை வைத்துச் சிகிச்சை செய்யாதீர்கள் என்று அங்கேயே எச்சரிக்கை போட்டிருப்பார்கள். வேதியியலுக்கு கெம்ஆர்கைவ், சமூக அறிவியலுக்கு எஸ்எஸ்ஆர்என். இவை எல்லாம் பொதுவாக முழுமையான ஆய்வுக் கட்டுரையை எதிர்பார்க்கும், 'எனக்கு ஒன்று தோன்றுகிறது' என்கிற இரண்டு பக்கத்தை எடுக்க மாட்டார்கள். விக்ஸ்ரா என்று ஒன்று 2009-ல் இருந்து இருக்கிறது, அங்கே யாரும் எதையும் வைக்கலாம் என்கிற அளவுக்குக் கதவு திறந்திருக்கும். இன்ன தேதியில் சொன்னோம் என்பதற்குப் பதிவு கிடைக்கும், ஆனால் துறை ஆட்கள் அங்கே வந்து தேடுவது அபூர்வம்.

பரிந்துரைக்கு ஆள் இல்லாதவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஸெனோடோ. ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகம் 2013-ல் இருந்து நடத்துகிறது. பணம் கிடையாது, எந்த நிறுவனத்திலும் இருக்க வேண்டியதில்லை. கட்டுரை, அட்டவணை, புகைப்படம், ஸ்கேன் செய்த நோட்டு எதை வேண்டுமானாலும் வைக்கலாம், தமிழிலேயே வைக்கலாம், ஆங்கிலத்தில் ஒரு சுருக்கம் சேர்த்தால் வெளி ஆட்களும் படிப்பார்கள். வைத்த உடனே டிஓஐ என்று ஓர் எண் கொடுப்பார்கள். வீட்டுப் பத்திர எண் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள், அந்த ஆவணத்துக்கு நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும் எண். இன்ன தேதியில், இன்னார், இதைச் சொல்லியிருக்கிறார் என்பதற்கு அது சாட்சி. பின்னால் திருத்தினால் புதிய பதிப்பாக ஏறும், பழையதும் அப்படியே இருக்கும். கூடவே ஆர்கிட் என்ற 16 இலக்க அடையாள எண்ணை இலவசமாக வாங்கிக்கொண்டால், அதே பெயரில் நாலு பேர் இருந்தாலும் குழப்பம் வராது. வேறு யாராவது போட்டுக்கிட்டா என்று அண்ணன் கேட்டதற்கு நேரடியான பதில் இதில் இருக்கிறது: ஒளித்து வைத்தால்தான் திருட்டு சுலபம், தேதியோடு பொதுவில் வைத்துவிட்டால் முதலில் சொன்னது யார் என்று காட்டிவிடலாம்.

ஒரே ஒரு விஷயத்தில் இது தலைகீழாகும், காப்புரிமை. லேத் பட்டறைக்காரர் ஒரு புதிய பிடிப்பானைச் செய்திருக்கிறார், விற்க நினைக்கிறார் என்றால், முதலில் எங்கும் வெளியிடக் கூடாது. வெளியிட்டுவிட்டால் அது 'புதுமை' என்கிற தகுதியை இழந்துவிடும், அப்புறம் காப்புரிமை கேட்டால் அவருடைய சொந்தக் கட்டுரையையே எடுத்துக் காட்டி மறுத்துவிடுவார்கள். கிண்டியில் காப்புரிமை அலுவலகம் இருக்கிறது, ஆன்லைனிலும் போடலாம். தற்காலிக விவரக்குறிப்பு என்று ஒன்றைப் பதிவு செய்தால் தேதி கிடைத்துவிடும், முழு விவரக்குறிப்பைத் தாக்கல் செய்ய 12 மாதம் உண்டு. பதிவு செய்த மறுநாள் ப்ரீபிரிண்ட் போட்டாலும், அதில் இருப்பதெல்லாம் அந்தப் பதிவிலும் இருக்கும்வரை பாதகமில்லை. வரிசையை மாற்றிவிடாதீர்கள்.

போகக்கூடாத இடம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இதில் எனக்கு நிஜமாகவே வருத்தம் உண்டு. என்னிடம் படித்த பையன் ஒருவன், அப்பா மணலியில் லாரி ஓட்டுகிறவர், நல்ல யோசனை ஒன்றை எழுதி, மெயிலில் அழைப்பு அனுப்பிய ஏதோ ஒரு 'சர்வதேச' ஜர்னலுக்கு அனுப்பினான். மூன்றே நாளில் ஏற்றுக்கொண்டோம் என்று பதில், கூடவே பணம் கட்டச் சொல்லி வங்கிக் கணக்கு. மதிப்பாய்வு அறிக்கை என்று ஒரு வரிகூட வரவில்லை. கடன் வாங்கிக் கட்டினான். அந்தக் கட்டுரையில் ஓர் அலகுப் பிழை இருந்தது, நான் பார்த்த பத்து நிமிஷத்தில் தெரிந்தது, அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. 2013-ல் சயன்ஸ் இதழுக்காக ஜான் பொஹானன் என்பவர், வேண்டுமென்றே ஓட்டைகளோடு ஒரு போலிக் கட்டுரையை 304 ஜர்னல்களுக்கு அனுப்பினார், 157 ஜர்னல்கள் ஏற்றுக்கொண்டன. பணம் கேட்பது மட்டுமே குற்றம் இல்லை, யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய நல்ல திறந்த அணுக்க ஜர்னல்களும் கட்டணம் வாங்குகின்றன. ஆனால் யாரும் படிக்காமலேயே ஏற்றுக்கொள்கிற இடத்தில் உங்களுக்குக் கிடைப்பது வெறும் ரசீது. அதற்கு ப்ரீபிரிண்ட் ஆயிரம் மடங்கு மேல், அது தன்னை மதிப்பாய்வு ஆனதாகச் சொல்லிக்கொள்வதே இல்லை.

இப்போது இடத்தைவிட முக்கியமான விஷயம், எப்படி எழுதுவது. நம் யோசனை தவறு என்று ஒருவர் காட்ட வேண்டுமானால் அவர் என்ன செய்ய வேண்டும் என்பதை நாமே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அண்ணனிடம் இதைத்தான் கேட்டேன். "என்ன நடந்தா நீங்க சொன்னது தப்புன்னு ஒத்துக்குவீங்கண்ணே?" கொஞ்ச நேரம் நோட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம் சொன்னார், "முகத்துவாரம் அடைச்ச அப்புறமும் மூணு அமாவாசை வரைக்கும் இறால் அதே அளவு வந்துச்சுன்னா, நான் சொன்னது தப்பு." இந்த ஒரு வாக்கியம் வந்ததும் அவருடைய யோசனை அறிவியலாகிவிட்டது. இதற்கு முன்னால் இன்னார் என்ன சொல்லியிருக்கிறார் என்று தேடிப் படித்திருக்க வேண்டும், தரவு எப்படி எடுக்கப்பட்டது என்று சொல்ல வேண்டும், பொருந்தாத நாட்களையும் மறைக்காமல் சேர்க்க வேண்டும். அண்ணன் 'போகல' என்று எழுதியிருக்கிறாரே, அந்த வரிகள் தங்கம். பிடிக்கப் போய்க் கிடைக்காததும் போகாததால் கிடைக்காததும் வேறு வேறு என்பது, பயிற்சி பெற்றவர்களே தவறவிடுகிற விஷயம். கட்டுரையின் முதல் வரியிலேயே 'இது சக மதிப்பாய்வுக்கு உட்படாதது' என்று போட்டுவிட வேண்டும்.

பரிந்துரை விஷயத்துக்கு வருகிறேன். வடசென்னையில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு ஓர் உதாரணம் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ராமானுஜன் 1912-ல் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்குக் கணக்குப் பிரிவில் சேர்ந்து, ஜார்ஜ் டவுனில் சைவ முத்தையா முதலி தெருவில் குடியிருந்தார். அதற்கு முந்தைய வருஷமே இந்தியக் கணிதக் கழக இதழில், வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலம் என்று முடிவில்லாமல் போகும் ஒரு கணக்கை வாசகர்களுக்குக் கேள்வியாக வைத்திருந்தார். ஆறு மாதம் யாரும் பதில் அனுப்பவில்லை, அவரே விடை 3 என்று காட்டினார். 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜில் இருந்த கணிதவியலாளர் ஹார்டிக்கு அந்தப் புகழ்பெற்ற கடிதத்தை எழுதினார். அதற்கு முன்பே வேறு இரண்டு பேராசிரியர்களுக்கு எழுதி ஒன்றும் ஆகவில்லை. கடிதத்தில் சூத்திரங்கள் இருந்தன, நிரூபணங்கள் இல்லை, சில முடிவுகள் தவறாகவும் இருந்தன. ஹார்டியின் பதில் என்ன கேட்டது தெரியுமா? நிரூபணத்தை அனுப்புங்கள் என்று. ராயபுரத்தில் அவருக்கு ஒரு சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது, பிள்ளைகளை ஒருமுறை கூட்டிப்போங்கள்.

அவர் செய்ததை நாமும் செய்யலாம். ஒரே மெயிலை ஐம்பது பேராசிரியர்களுக்கு அனுப்பாமல், நம் விஷயத்தில் ஏற்கெனவே எழுதியிருக்கிற ஓர் ஆளைத் தேடி, அவருடைய கட்டுரையை உண்மையிலேயே படித்து, ஒரு பக்கத்தில், ஒரே ஒரு கேள்வியோடு எழுத வேண்டும். 'நான் ஐன்ஸ்டைன் தப்பு என்று நிரூபித்துவிட்டேன்' என்று தொடங்கும் மெயிலை யாரும் திறந்து படிப்பதில்லை. 'உங்கள் கட்டுரையின் இரண்டாவது அட்டவணையில் இருக்கிற அளவுக்கும் என் அளவுக்கும் வித்தியாசம் வருகிறது, நான் எங்கே தவறுகிறேன்?' என்று கேட்டால், பத்துப் பேரில் இரண்டு பேராவது பதில் போடுவார்கள், என் அனுபவம் அது. தரமணியில் கணித அறிவியல் நிறுவனம், சேப்பாக்கத்தில் பல்கலைக்கழகத்தின் ராமானுஜன் கணித நிறுவனம் என்று நம் ஊரிலேயே பெரிய இடங்கள் இருக்கின்றன. பொதுவில் அறிவிக்கிற உரைகளுக்குப் போய் உட்காருங்கள், உரை முடிந்து டீ குடிக்கிற நேரத்தில் கேட்கிற கேள்விக்கு மதிப்பு அதிகம். பெங்களூரில் இருந்து வரும் கரன்ட் சயன்ஸ் இதழில் சிறு குறிப்புகளுக்கும் கடிதங்களுக்கும் இடம் உண்டு. பள்ளிப் பிள்ளைகள் என்றால், தமிழ்நாடு அறிவியல் இயக்கம் இங்கே ஒருங்கிணைக்கிற குழந்தைகள் அறிவியல் மாநாட்டை விட்டுவிடாதீர்கள், தமிழிலேயே நின்று பேசி, கேள்விக்குப் பதில் சொல்லிப் பழக அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

இப்படி ஒவ்வொருவரிடமும் நான் முதலில் கேட்பது, உங்களுக்குத் திரும்ப என்ன வேண்டும் என்பதுதான். தேதிதான் வேண்டும் என்றால் ஸெனோடோ போதும். துறை ஆட்கள் படிக்க வேண்டும் என்றால் துறையின் ப்ரீபிரிண்ட் களஞ்சியம், அதற்கு உழைப்பு அதிகம். யாராவது ஒருவர் பிழை சொல்ல வேண்டும் என்றால் கடிதம், அல்லது உரைக்குப் பின்னான டீ. காசு வேண்டும் என்றால் கிண்டி.

அண்ணனுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். "எம்பேர் இருக்கணும், அப்புறம் படிச்சவங்க யாராச்சும் இதைப் பாத்துட்டு சரியா தப்பான்னு சொல்லணும்" என்றார். அதனால் நோட்டுகளை முதலில் அட்டவணையாக்கி, அவர் பெயரில், பெயரைச் சொல்லிப் பயன்படுத்தலாம் என்கிற உரிமத்தோடு ஸெனோடோவில் வைப்பது, அதன் எண்ணோடு முகத்துவார மீன்வளத்தைப் பற்றி எழுதியிருக்கிற ஓர் ஆய்வாளருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுவது என்று பேசி வைத்திருக்கிறோம். ஒரு விஷயத்தை மட்டும் வெளியிடவில்லை. ஒவ்வொரு நாளும் எந்த இடத்தில் வலை போட்டார் என்று ஓரத்தில் குறித்திருக்கிறார், அது அவர் பிழைப்பு. அந்தப் பத்தியை எடுத்துவிட்டு, எடுத்திருக்கிறோம் என்பதையும் ஏன் என்பதையும் குறிப்பில் எழுதிவிடுவோம்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில் வருகிறார். அவர் வாசிக்க வாசிக்க என் மகள் லேப்டாப்பில் ஏற்றுகிறாள். இதுவரை ஒன்றரை நோட்டு முடிந்திருக்கிறது. 2020 ஊரடங்கு மாதங்களில் பேனா கிடைக்காமல் பென்சிலில் எழுதிய பக்கங்கள் மங்கிப்போயிருக்கின்றன, அதற்கு மட்டும் மொட்டை மாடியில் வெளிச்சத்தில் உட்காரலாம் என்று சொல்லியிருக்கிறார்.